இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி

காலை ஆறு மணிக்கு முதல் லாரிப் பழம் கொட்டியதும் மூன்றாவது பெல்ட்டு ஓடத் தொடங்கியது. கழுவும் தொட்டியிலிருந்து நனைந்து ஏறி வரும் பெங்களூரா மாம்பழங்களை, பெல்ட்டின் இருபுறமும் நின்ற பதினான்கு பெண்கள் பிடித்தார்கள். காம்பில் ஒரு வெட்டு, கருத்த இடத்தில் ஒரு வெட்டு, மறுபடி பெல்ட்டில். யசோதா வரிசையில் கடைசி ஆள். அவளுக்கு அப்பால் இரும்பு உருளை மட்டும்தான். உருளையைத் தாண்டிய பழம் கூழ் அரைக்கும் இயந்திரத்துக்குள் விழும்.

போன வருஷம் அந்த இடத்தில் நின்றவள் மனோரமா. ரப்பர் கையுறையின் நுனி உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கியது. நிறுத்தும் பொத்தான் முப்பதடிக்கு அப்பால், சுவரில் இருந்த பேனலில். பக்கத்தில் நின்றவள் பழச்சாற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடிப் போய் அதை அழுத்துவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன. இந்த வருஷம் மனோரமாவைப் பெட்டி கழுவ வைத்திருந்தார்கள். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். பொத்தான் அதே சுவரில்தான் இருந்தது.

சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே யசோதா சூப்பர்வைசர் சுரேஷ்பாபுவிடம் கேட்டாள், பெல்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தான் வைக்க முடியுமா என்று. இயந்திரம் கம்பெனியிலிருந்து வந்தபோதே அப்படித்தான் வந்தது, எது வேண்டும் எது வேண்டாம் என்று இன்ஜினியர்களுக்குத் தெரியும் என்று அவர் தெலுங்கில் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். அவர் கடிகாரத்தைக் காட்டினார்.

யசோதாவுக்கு முப்பத்து மூன்று வயது. சத்தியவேடு பக்கம் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்யும் மேஜையில் இருந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே எறும்புத் தலை அளவு சாமான்களைப் பிடுங்கி, புதிதாகப் பற்றவைத்துக் கொடுப்பாள். காண்ட்ராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். சித்தூருக்கு வந்த பிறகும் பற்றவைக்கும் கோலை விடவில்லை. தெருவில் யாருடைய மிக்ஸி நின்றாலும், சார்ஜர் செத்தாலும் அவள் வீட்டுக்குத்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய சாமான் கடையில் உடைந்த மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றின் கதவை வாங்கி வந்தாள். கதவைத் திறந்தால் அடுப்பு நிற்பதற்காக உள்ளே மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். அவற்றைக் கழற்றினாள். கட்டிலின் இரு முனைகளிலும் கொக்கி அடித்து, துணி காயப்போடும் கம்பியை இழுத்துக் கட்டி, ஒரு முனையில் ஸ்பிரிங்கும் சுவிட்சும் வைத்து, அதை டேபிள் ஃபேனோடு சேர்த்தாள். கம்பியை எங்கே பிடித்து இழுத்தாலும் ஃபேன் நின்றது. கத்தரிக்கோலால் கம்பியை வெட்டிப் பார்த்தாள். அப்போதும் நின்றது. அதுதான் அவளுக்கு முக்கியம். இழுத்தாலும், அறுந்தாலும், சுவிட்சுக்கு வரும் கரண்டே போனாலும் பெல்ட்டு நிற்க வேண்டும்.

மனோரமாவைக் கூட்டி வந்து காட்டினாள். பஸ்ஸில் மணி அடிக்கும் கயிறு போலத் தலைக்கு மேலே கட்டப்போவதாகச் சொன்னாள். மனோரமா கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"மேல கட்டுனா வேலைக்கு ஆவாது யசோதா. கை மாட்டிக்கினா இன்னொரு கை அதத்தான் புடிச்சி இழுக்கும், மேலே போவாது. எனக்கு இங்கதான் முட்டுச்சு." இடுப்புக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "பெல்ட்டு ஓரத்துத் தகரம் அழுத்துன தழும்பு ஒரு மாசம் இருந்திச்சு. கம்பிய இங்க கட்டு."

யசோதா அளவு நாடாவை எடுத்து, மனோரமாவின் காலிலிருந்து இடுப்பு வரை அளந்து எழுதிக்கொண்டாள்.

பேக்டரியின் எலக்ட்ரீஷியன் தணிகாசலம். நகரிக்காரர், பதினொரு வருஷமாக அங்கே வேலை. விஷயத்தைக் கேட்டதும் முதலில் முடியாது என்றார். மூன்று நாள் கழித்து அவரே வந்து, சாப்பாட்டு நேரத்தில் பெல்ட்டைக் கழுவ நிறுத்தும்போது மாட்டிவிடலாம், ஆனால் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். பெல்ட்டின் இருபக்கமும் வளையங்கள் பொருத்தி, பச்சைக் கம்பியை இழுத்து, சுவிட்சை மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு சேர்க்க இருபது நிமிஷம் ஆனது. பெல்ட்டை ஓடவிட்டதும் யசோதா இடுப்பால் கம்பியை ஒரு தள்ளு தள்ளினாள். பெல்ட்டு நின்றது.

தினமும் காலையில் பெல்ட்டு ஓடத் தொடங்கியதும், பழம் ஏறி வருவதற்கு முன் கம்பியைத் தள்ளிப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டாள். நான்காம் நாள் காலை தள்ளியபோது பெல்ட்டு நிற்கவில்லை. பலமாக இழுத்தாள். ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் தணிகாசலம் சுவிட்சை மூடியிருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே மாம்பழச் சாறு கசிந்து கெட்டியாகி, சுவிட்ச் அசைய முடியாமல் ஒட்டிப்போயிருந்தது. அதன் மேல் சிவப்பெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"சுவிட்சே இல்லாங்காட்டி கூட பரவால்ல, இதுதான் ஆபத்து. கம்பி இருக்குதுன்னு நம்பிக்கினு நிப்பீங்க," என்றார்.

அவளே கம்பியைக் கழற்றிச் சுருட்டினாள். அன்று முழுவதும் காம்பு வெட்டும்போது கண் உருளைமேல் போய்ப் போய் வந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்டுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அவள் கேட்டது கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த சுவிட்ச். காந்தம் பக்கத்தில் இருந்தால் உள்ளே இரண்டு தகடுகளும் ஒட்டும், காந்தம் விலகினால் பிரியும். சாறும் எறும்பும் உள்ளே போக வழியே இல்லை. கடைக்காரர் எந்தக் காலேஜ் புராஜெக்ட் என்று கேட்டார். மாங்கா பேக்டரி என்றாள். அவர் சிரித்துவிட்டு, சின்னக் கரண்டால் பெரிய மோட்டாரை நிறுத்த உதவும் ரிலே ஒன்றை எடுத்து இதுவும் வேண்டியிருக்கும் என்று முன்னால் வைத்தார். அது அவள் கையிலிருந்த சாமான் சீட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

இந்தத் தடவை காந்தத்தைக் கம்பியில் கட்டினாள். குழாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் எம்சீல் பசை பூசி அடைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தணிகாசலம் மாட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து இடுப்பால் தள்ளிப் பார்த்தார்கள். பதினான்கு தடவையும் நின்றது. அடுத்த நாளும் நின்றது. அடுத்த வாரமும் நின்றது.

ஜூன் மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். அன்று யசோதாவுக்கு எதிர்ப்பக்கம், உருளையின் ஓரத்தில் நின்றவள் ஸ்வர்ணலதா, வேலைக்கு வந்து ஐந்தே நாளான பெண். அழுகல் பழம் ஒன்று உருளைவரை போய்விட்டதைப் பார்த்து எட்டி எடுக்கப் போனாள். கையுறை சிக்கியது. அவள் கத்தவில்லை. உடம்பு முன்னால் இழுபட்டு, இடுப்பு பச்சைக் கம்பியில் மோதியது.

டப்பாவுக்குள் ஒரு சின்னச் சத்தம். பெல்ட்டு நின்றது.

பழங்கள் ஒன்றோடொன்று முட்டி உருண்டு அமைதியாயின. யசோதா குனிந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனாள். கையுறை விரல் முட்டிகள் வரை உள்ளே போயிருந்தது. கத்தியால் அதை நீளவாக்கில் கிழித்து, ஸ்வர்ணலதாவின் கையை மெல்ல வெளியே எடுத்தாள். நடுவிரல் நகத்தில் இரத்தம் கட்டியிருந்தது. ஐந்தும் இருந்தன. மனோரமா பெட்டி கழுவும் இடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் ஸ்வர்ணலதாவுக்கு அழுகை வந்தது.

"எவரு ஆபிந்தி?" என்று கேட்டுக்கொண்டே சுரேஷ்பாபு வந்தார். யார் நிறுத்தியது என்று மறுபடி கேட்டார். கம்பியைப் பார்த்தார், அதன் வழியே நடந்து டப்பாவைப் பார்த்தார். கம்பெனி இயந்திரத்தில் கை வைத்தது யார், இப்போதே கழற்றுங்கள், தொட்டியில் பழம் ஊறிக்கொண்டிருக்கிறது என்றார்.

யசோதா தன் கத்தியைப் பெல்ட்டின் மேல் வைத்தாள். "கம்பி இருந்தா வேல செய்றோம் சார். கழட்டுனா நீங்க நின்னு வெட்டுங்க."

பக்கத்தில் ஒரு கத்தி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எதிர்ப்பக்கத்திலும் வைத்தார்கள். இரண்டாவது பெல்ட்டிலிருந்தும் பெண்கள் வந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்கள். அப்போது தணிகாசலம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பேனல் பக்கமிருந்து வந்தார்.

"மாட்டுனது நான்தான் சார். செஞ்சது அந்தப் பொண்ணு. கழட்டச் சொன்னா என்னால முடியாது."

சுரேஷ்பாபு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியே மேலும் நான்கு லாரிகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல், மேனேஜர் இருக்கட்டும் என்கிறார் என்று சொன்னார். மற்ற இரண்டு பெல்ட்டுக்கும் எத்தனை நாளில் செய்ய முடியும் என்று தணிகாசலத்திடம் கேட்டார். தணிகாசலம் யசோதாவைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை முடிச்சிடலாம் என்றாள் அவள். சத்தம் போட்டுச் சிரித்தது மனோரமாதான். பெல்ட்டு மறுபடி ஓடியபோது, பெண்கள் பேசிக்கொண்டும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டும் காம்பு வெட்டினார்கள். அத்தனை கூச்சலை அந்த ஷெட் அதுவரை கேட்டதில்லை.

ஜூலை நடுவில் பாதுகாப்பைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். காலையிலேயே கம்பிகளுக்குப் புது மஞ்சள் பெயிண்ட் அடித்து, டப்பாக்களில் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தார்கள். அதிகாரிகளின் கார் கேட்டுக்குள் நுழையும்போது, ரிஜிஸ்தரில் பெயர் இல்லாதவர்கள் எல்லாரும் பின்பக்கம் போய் இருங்கள், கார் போகிறவரை வெளியே வரக்கூடாது என்று சுரேஷ்பாபு சொல்லி அனுப்பினார். மூன்றாவது பெல்ட்டில் யாருக்கும் ரிஜிஸ்தரில் பெயர் இல்லை. அங்கே அவர்களுக்குப் பதிலாக ஏற்றுமதிப் பிரிவு ஆண்கள் சிலரைக் கையுறை போட்டு நிற்க வைத்தார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால் மாங்கொட்டைக் குவியல் மலைபோல் கிடந்து புளித்து நாறியது. தகரச் சுவரோரத்து நிழல் ஒரு முழம்கூட இல்லை. பதினான்கு பேரும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட்டு ஓடும் சத்தம் கேட்டது. சட்டென்று அது நின்றது.

"அரை செகண்டுகூட ஆவல," என்றாள் யசோதா.

உள்ளே கைதட்டினார்கள். யாரோ ஒருவர் மேனேஜரின் பெயரைச் சொல்லிப் பாராட்டுவது தகரத்தின் வழியே தெளிவாகக் கேட்டது. வெயில் ஏறி நிழல் அவர்களின் பாதங்களை விட்டு விலகியது.