பிழையில்லாத சீட்டு

என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனது ஒரே ஓர் எழுத்தால். பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். ஒரு நாள் முதல் பக்கத்தில் "அதிபர் காட்டும் வழியே நம் வழி" என்று வர வேண்டிய தலைப்பு, "அதிபர் காட்டும் வலியே நம் வலி" என்று வந்துவிட்டது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பொத்தாமல் சிரித்தவர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். இருபது வருஷம் ஒரு பிழையும் விடாத ஆள் இதை மட்டும் எப்படி விடுவான் என்று கேட்ட நீதிபதி, பன்னிரண்டு வருஷம் போட்டார். தெரிந்து விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்று அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

நான் தையல்காரி. எனக்கும் எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். எங்கே ல, எங்கே ள, எங்கே ர, எங்கே ற என்று இன்றுவரை பிடிபடவில்லை. மாதம் ஒரு கடிதத்துக்கு அனுமதி உண்டு. நான் எழுதியதையே திருத்தி, அடியில் நாலு வரி பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, உள்ளே உட்கார்ந்துகொண்டும் வாத்தியார் வேலையா என்று. போகப்போக அந்தத் திருத்தங்களைப் பார்ப்பதற்காகவே காத்திருந்தேன். ஒரு தடவை "வீடு வெரிச்சோடிக் கிடக்கிறது" என்று எழுதியிருந்தேன். அந்த ரி-யை அடித்துவிட்டு, பிறகு மனசு மாறி, சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். அச்சக பாஷையில் அதற்கு 'இருக்கட்டும், தொடாதே' என்று அர்த்தம்.

இன்னொரு மாதம் கத்தரிக்கோல் விரலில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கெஞ்சி எழுத வைத்தேன். அதற்கு இப்படிப் பதில் வந்தது: "பிழையில்லாத கடிதம் எனக்கு வேண்டாம். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுத வைத்தது போல இருக்கிறது. பிழை இருந்தால்தான் நீ மனதார எழுதியது என்று நம்புவேன்." கடிதங்களைப் படித்துப் பார்த்து முத்திரை குத்தும் அதிகாரி இதைக் கொஞ்சல் என்று நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது. ஏனென்றால் அதற்குப் பத்து நாள் முன்புதான் அந்த ஜெயிலில் அது நடந்திருந்தது.

கவசக்காரர்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. இரும்பு உடுப்புப் போட்டவர்கள், மதிலைத் தாண்டிக் குதிப்பார்கள், லாரியை ஒற்றைக் கையால் நகர்த்துவார்கள், குண்டு பட்டால் தூசி மாதிரித் தட்டிவிட்டுப் போவார்கள், அடைத்து வைத்தவர்களை மீட்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் பத்து நாள் முன்பு அதே உடுப்பில் நாலு பேர் ஜெயிலுக்குள் வந்து கதவுகளைத் திறந்து, "வாங்க போகலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நம்பி ஓடிய ஒன்பது பேரையும் மதிலுக்கு வெளியே சுட்டார்கள். உடுப்புக்குள் இருந்தது போலீஸ். யார் யார் ஓடுவார்கள் என்று பார்க்க வைத்த பொறி அது.

அதனால் ஒரு நண்பகலில் கவசக்காரர்கள் என் கடைக்கே வந்தபோது நான் ஒன்றும் பூரித்துப் போகவில்லை.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். மண்டையைப் பிளக்கும் வெயிலில் கணுக்கால்வரை மழைக்கோட்டு. ஒருவர் நெட்டை. மற்றது பெண், என் தோள் உயரம்தான் இருப்பாள். கோட்டைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிற இரும்பு. நெட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க அக்கா," என்றார் தரையிலிருந்தே.

மாதாமாதம் என்னை விசாரிக்க வரும் மஃப்டிப் போலீஸ்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மரியாதை அதிகமானால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்காரர வெளிய கொண்டு வரப்போறோம்," என்றாள் சின்னவள். "அந்தத் தலைப்பு வெளிநாட்டுல எல்லாம் தெரியும். அவர் பேசினா நாலு பேர் கேப்பாங்க. ஆனா போன தடவை நடந்ததுக்கப்புறம் அவர் எங்கள நம்பமாட்டார். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா வருவார்."

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குத் தண்டனைய அனுபவிச்சிட்டு இருக்கார். நான் எதுக்கு எழுதணும்?"

"வேணும்னா இந்தத் தையல் மெஷினத் தூக்கிக் காட்டட்டுமா?" என்றார் நெட்டை.

"மெஷினப் போலீஸ்காரனும்தான் தூக்குவான். இருக்கிறதயாவது ஒடைக்காம இருங்க."

சின்னவள் சிரித்துவிட்டாள். வேர்வை வழிந்தது அவளுக்கு. தலைக்கவசத்தைக் கழற்றி வெட்டு மேசைமேல் கவிழ்க்காமல் வைத்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? என் கண் நேராக உள்ளே தைத்திருந்த துணிக்குப் போனது. காக்கி. ஓரத்தில் பச்சை இழை ஓடும் காக்கி. அது அரசாங்க உடுப்புக் கிடங்குக்கு மட்டும் நெய்து வருவது, வெளியே ஒரு முழம்கூடக் கிடைக்காது. தையலும் கிடங்குத் தையலேதான், இரண்டு மடிப்பு, இரண்டு ஓட்டம். இரண்டு வருஷம் அந்தக் கிடங்குக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான். என்னிடமேவா?

இவர்களும் போலீஸ்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. எழுத மாட்டேன் என்று சொன்னால் இவர்களைக் கண்டுகொண்டேன் என்று தெரிந்துவிடும். பிறகு அவரை வேறு ஏதாவது சொல்லி இழுத்துப் போவார்கள். ஆகவே எழுத வேண்டும். மருந்துக்கும் பிழையில்லாமல் எழுத வேண்டும். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரியும். அறையை விட்டு ஓர் அடி நகரமாட்டார், உயிரோடு இருப்பார்.

அளவு குறிக்கும் சீட்டு ஒன்றைக் கிழித்து, இவர்களை நம்பி வரச் சொல்லி மூன்றே சொல் எழுதினேன். மூன்று சொல்லுக்கு அப்படி நான் வேர்த்ததே இல்லை. இவர்களை என்பதில் எந்த ள? அவர் சொல்வது போல மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் நாக்கை நன்றாக மடிப்பார். அந்த ள. கடைசிச் சொல்லின் முடிவிலும் அதே ள-வை விடாமல் பிடித்தேன். மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சுத்தம்.

"ரொம்ப நேரமா எழுதறீங்க," என்றார் நெட்டை.

"படிப்பு அவ்வளவுதான் தம்பி."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தரை அதிர்ந்தது. ஊசி டப்பா மேசையிலிருந்து விழுந்தது. கொள்ளையர்கள் ஜெயிலைத் தாக்கினார்கள், தப்பியோடிய கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்றது வானொலி. எத்தனை பேர், யார் யார் என்று மூச்சுவிடவில்லை. போன தடவையும் இதே வார்த்தைகள்தான். அவர் போயிருக்கமாட்டார், சீட்டில் பிழை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஒரு சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மஃப்டிக்காரர் வந்தார். அக்காவெல்லாம் காணாமல் போயிருந்தது.

"எங்கடி உன் புருஷன்?"

என்னிடம் கேட்கிறார் என்றால் அவர்களிடம் அவர் இல்லை. சுடப்பட்டவர்களிலும் இல்லை. அப்படியானால் அந்த இருவரும் யார்? மஃப்டிக்காரர் துணிக்கட்டுகளையெல்லாம் உதறிப் போட்டுவிட்டுப் போன பிறகும் நான் சுவரில் சாய்ந்து அப்படியே நின்றேன்.

நாலாம் நாள் ரொட்டி வண்டி ஒன்றில் சின்னவள் வந்தாள். சாதாரண உடுப்பில் பார்த்தால் எங்கோ கணக்கு எழுதும் பெண் மாதிரி இருந்தாள். "ஏறுங்கக்கா, அவர் காத்துட்டு இருக்கார்," என்றாள். நான் ஏறவில்லை.

"முதல்ல சொல்லு, அந்தக் காக்கி உனக்கு எங்க கிடைச்சுது?"

"கிடங்குல ஆறு வருஷம் தைச்சேங்க்கா. வர்றப்ப ஒரு சுருளச் சுட்டுட்டு வந்துட்டேன். ஏன், தையல் சரியில்லையா?"

மடிப்பு ஒரு நூல் கோணல் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு மெக்கானிக் கடையின் மாடியறையில் அவர் இருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம், அவ்வளவு மெலிந்திருந்தார். பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து வைத்திருந்தார்.

"நெட்டை கதவப் பிச்சு எடுத்துட்டு நிக்கிறார். நான் வரமாட்டேன்னு உக்காந்திருக்கேன். இதக் குடுத்தார். முதல் சொல் சரி. ரெண்டாவது சரி. யாரோ பக்கத்துல உக்காந்து எழுத வச்சிருக்கான்னு திருப்பிக் குடுக்கப் போனேன். அப்பத்தான் கடைசிச் சொல்லப் பாத்தேன்." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. "வாறுங்கள். பெரிய ற. உடனே எழுந்து வந்துட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். ள-வைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தவள் ர-வைக் கோட்டை விட்டிருக்கிறேன். மூன்று தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. அந்த இருவரும் நான் நினைத்தது போலப் போலிகளாக இருந்திருந்தால், இந்த ஒரு எழுத்து அவரை மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். நிஜமானவர்களாக இருந்ததால், நான் போட்ட பூட்டை இதே எழுத்துதான் திறந்திருக்கிறது. இரண்டிலும் என் கெட்டிக்காரத்தனம் துளிகூட இல்லை. நான் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். உங்களை வரவேண்டாம் என்று சொல்லத்தான் எழுதினேன் என்று எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருஷமாகியும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே அவர் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். தப்பி வந்தவர்களின் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறார். நீயும் எழுது என்று நச்சரித்தார். இதுவரை நீங்கள் வாசித்ததை எழுதி, நேற்று அவர் மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, அவர் தலை நிமிரவில்லை. இரவுச் சாப்பாட்டையும் தாள்களுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்.

இன்று காலை தாள்கள் என் மெஷின்மேல் இருந்தன. அவர் சமையலறையில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. நீங்கள் பிழையில்லாமல் வாசித்தது அவர் கைவண்ணம். நேற்றைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் இந்தக் கடைசி வரிகளை மட்டும் அவருக்குக் காட்டவில்லை, இவற்றில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பற்றிய பக்கத்தைக் கடைசியாகத்தான் புரட்டினேன். வாறுங்கள் என்ற சொல்லில் ற-வைப் பழக்கதோஷத்தில் அடித்திருந்தார். அதன் கீழே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார்.