முதல் வரிக்கு ஒரு மதிப்பெண்

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அவளுக்குக் ‘கறார்க்காரி’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலத் தாள் திருத்துகிறாள். விடைக்குறிப்பில் இல்லாத அரை மதிப்பெண்ணைக்கூட அவள் கையிலிருந்து யாரும் பிடுங்கியதில்லை. குறிப்பை எழுதியவர் தலைமைத் திருத்துநர். அவர் அவளுடைய அக்கா புருஷன் என்பது கூடத்துக்கே தெரியும். ஆனாலும் உள்ளே நுழைந்துவிட்டால் அவளுக்கு அவர் வெறும் ‘சார்’தான்.

அன்று காலை, இருபது தாள் கொண்ட கட்டில் பதினேழாவதைப் பிரித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸுகளுக்கான தேர்வு அது. தோற்றால் மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கைக்கு வந்த வேலை நழுவிவிடும். கேள்வி, தூரத்தில் இருக்கும் தோழிக்கு ஒரு கடிதம். குறிப்பின்படி நலம் விசாரிக்கும் முதல் வரிக்கு ஒரு மதிப்பெண், இக்கடிதம் உன்னை நல்ல உடல்நலத்தோடு காணட்டும் என்ற வாசகத்துக்கு ஒன்று, வீட்டுப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி முடித்தால் ஒன்று.

பதினேழாவது தாளை எழுதிய பெண்ணோ எடுத்த எடுப்பிலேயே, நீ விட்டுட்டுப் போன காது உடைஞ்ச கப்லதான் இன்னும் டீ குடிக்கிறேன், தூக்கிப் போட மனசு வரல என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்திருந்தாள். பெண்தானா என்பதும் தெரியாது, தாளில் எண் மட்டும்தான். வணக்கமும் இல்லை, வாழ்த்தும் இல்லை. படித்து முடித்ததும் கறார்க்காரி முதல் வரிக்கே திரும்பிப் போய் இன்னொரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படிக்க வைப்பதற்குக் குறிப்பில் மதிப்பெண் கிடையாது. மூன்று பூஜ்யம் போட்டுக் கூட்டினாள். நாற்பத்தொன்பது. தேற ஐம்பது வேண்டும். மறுபடி கூட்டினாள், நாற்பத்தொன்பதேதான்.

மிச்சம் மூன்று தாளையும் முடித்து, கட்டை அரக்கு முத்திரை வைக்கக் கொடுத்துவிட்டு டீக்கு வெளியே வந்தாள். வாசல் அலமாரியில் பூட்டியிருந்த போனை எடுத்தால், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி. மூன்று வருடமாக அவள் இப்படித்தான். எப்படிம்மா இருக்கே என்று ஒரு வார்த்தை கிடையாது. பெற்றவள் என்ற மரியாதை துளியாவது இருக்கிறதா என்று இவள் உள்ளுக்குள் புகைந்துகொண்டே பதில் போடுவாள். இன்றைக்கு வந்தது இவ்வளவுதான்: போர்வைல உன் வாசம் போயிடுச்சு, வேற ஒண்ணு அனுப்பு.

டீயை அப்படியே கீழே வைத்துவிட்டாள். குறிப்பின்படி பார்த்தால் மகளுக்கும் பூஜ்யம்தான். இவள் படித்த காலத்து ஆங்கிலம் கோட்டு மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வரும். இப்போதையது சொல்லாமல் கொள்ளாமல் நேரே அடுப்படிக்கே வந்து நிற்கிறது. வந்து நிற்பது பெற்ற பிள்ளைதான் என்பது இத்தனை நாளாக மண்டையில் ஏறவில்லையே, மடச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“சார், ஒரு தாளைத் திரும்பப் பார்க்கணும்.”

“அரக்கு வெச்சாச்சேம்மா.”

“உடைங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என் குறிப்புல தப்புன்னு சொல்றியா?”

“நாம காலேஜ்ல படிச்ச கடிதத்தை வெச்சு எழுதின குறிப்பு, அத்தான், அது. இப்ப யாரு அப்படி எழுதறாங்க? என் பொண்ணு எழுதறதில்ல. உங்க பையன் எழுதறானா?”

அத்தான் என்றதும் நாலு மேசை நிமிர்ந்து பார்த்தது.

“என் பையன் எழுதறதே இல்ல” என்றார் அவர், மெதுவாக. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “கட்டை உடைக்கணும்னா இதுல ஒரே காரணம்தான் செல்லும். திருத்துநர் பிழை. கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. நல்லா யோசிச்சுக்கோ.”

அவள் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். பிழையே செய்யாதவள் என்று இருபத்திரண்டு வருடமாக வாங்கிய பேர் அந்தக் காகிதத்தோடு போயிற்று. பதினேழாவது தாளை உருவி மூன்று பூஜ்யத்தையும் அடித்து, ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

“நிம்மதியா? போய் டீயைக் குடி.”

அவள் நகரவில்லை. “மத்த பத்தொன்பதையும் குடுங்க.”

“ஒண்ணுன்னுதானே சொன்னே?”

“அதுலயும் பூஜ்யம் போட்டது நான்தானே?”

அவர் கட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்தாள். சட்டென்று திரும்பினாள்.

“போன வருஷத்துத் தாளெல்லாம் எங்க இருக்கும்?”

“போன வருஷத்ததா? ஆறு மாசத்துலயே கூழாக்க அனுப்பிடுவோமே. ஏன் கேக்கற?”

அந்தத் தாள்களிலும் எத்தனை பூஜ்யம் போட்டோமோ என்று நினைத்தபடி அவள் கட்டிலிருந்து முதல் தாளை உருவினாள். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.