வலது கைக்கு ஒரு சாட்சி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. விருதுநகரில் நான் ரயில் ஏறியபோது, எதிர் சீட்டில் இடது கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி டீச்சர் சொன்னது. "வக்கீலம்மாவுக்கு நன்றி சொல்லலாம்னு வாயத் தொறந்தா, 'போயி வேலையப் பாரு'ங்காக. நீங்க கதையா எழுதுங்க சார், அத அவுக படிச்சுத்தான ஆகணும்" என்றாள்.

2.

தொடக்கமே சரியாக வரவில்லை. 'கந்தக வாசனை சூழ்ந்த அந்த மாலையில்...' (வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் அப்படி ஒரு வாசனையும் இல்லை.) 'விதி அவளை நோக்கி...' (இதுவும் வேண்டாம். வந்தது கார்.)

நடந்ததைச் சொல்கிறேன். 2001. பாண்டிச்செல்வி வேதியியல் இரண்டாம் வருடம். அப்பா தங்கச்சாமி விஸ்வநத்தத்தில் பட்டாசுத் தொழிலாளி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அன்று சாயங்காலம் அதே வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் ஆய்வக உதவியாளர் அய்யாதுரை. லாரியை முந்தி வந்த கார் ரோட்டைவிட்டு இறங்கி இருவரையும் அடித்துப் போட்டது. அவளுக்கு வலது கை நொறுங்கியது. அவருக்கு இடுப்பெலும்பு. தற்காலிக ஊழியர், நிற்க முடியாமல் போனதும் வேலையும் போயிற்று.

3.

வக்கீல் இருளம்மாள் அந்தக் கல்லூரியின் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் இலவசமாகச் சட்ட உதவி செய்துவந்தவர். சேதி கேட்டு விஸ்வநத்தத்துக்கே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பாண்டிச்செல்விக்காக நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்.

(எழுதியதை வாசித்த என் நண்பர் இங்கே கைகாட்டி நிறுத்தினார். "இவ்வளவு நல்ல வக்கீலா? எவனும் நம்பமாட்டான். கொஞ்சம் கறை பூசு." பூசிப் பார்த்தேன்: 'இருளம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீலிடம் மெல்ல...' அந்த வாக்கியம் அதற்குமேல் நகர மறுத்துவிட்டது. போனில் பாண்டிச்செல்வியிடம் வாசித்தேன். "ஏன் சார் இப்படி? அவுகளுக்குக் கோவம் ஜாஸ்தி. வேணும்னா அத எழுதிக்கிடுங்க.")

4.

கோபத்தை எழுதுகிறேன்.

தீபாவளி சீசன் லீவில் பாண்டிச்செல்வி பட்டாசுக் கம்பெனிக்குத் திரி வைக்கப் போனதுண்டு. அங்கே சுட்ட தழும்பு ஒன்று வலது மணிக்கட்டில் இருந்தது. காரின் இன்சூரன்ஸ் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கை விளங்காமல் போனது ஆலையில்தானாம், காரால் இல்லையாம்.

தங்கச்சாமி நடுங்கிப்போனார். "கம்பெனிப் பக்கமே போனதில்லன்னு சொல்லிருவமாம்மா?"

"எதுக்கு?" இருளம்மாள் சீறினார். "வேலைக்குப் போனது குத்தமா? சுட்டது வேற, நொறுங்குனது வேற. ரெண்டையும் சொல்லு தாயி."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இரண்டையும் சொன்னாள். ('அவள் குரலில் நெருப்பு பறந்தது' என்று எழுதி அடித்துவிட்டேன். குரல் பாதி வெளியே வரவில்லை என்று அவளே சொன்னாள்.)

அப்புறம் அய்யாதுரை அவளுக்காகச் சாட்சி சொல்லக் கம்பு ஊன்றி வந்தார். கோர்ட்டெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று தனக்காக வழக்கே போடாத மனிதர்.

"அன்னைக்கு மத்தியானம் லேப்புல கண்ணாடிக் குழாயையெல்லாம் இந்தக் கையாலதான் கழுவி மாட்டுச்சு இந்தப் பிள்ள. நான் பக்கத்துலதான் நின்னேன். கார் அடிச்சப்பவும் பக்கத்துலதான் நின்னேன்."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார் எதிர்வக்கீல்.

அய்யாதுரை நிஜமாகவே யோசித்தார். "பஸ்ஸு மாறி வந்ததுல இடுப்பு வலிக்குதுங்க. அம்புட்டுத்தான்."

நீதிபதி அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

5.

தீர்ப்பு பாண்டிச்செல்வி பக்கம் வந்தது. வந்த நஷ்டஈட்டில் கைக்கு மறுபடி ஆபரேஷன், பிறகு பி.எட். வலது கை இன்றும் முழுசாக மடங்காது. இடது கை எழுதப் பழகிவிட்டது.

தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் பாண்டிச்செல்வி இருளம்மாளின் காலில் விழப்போனாள். பக்கத்தில் அய்யாதுரை கம்பு ஊன்றி நின்றார்.

"ஏட்டி, நிமிரு! அடுத்து இவருக்குக் கேஸ் போடப்போறேன். நீ சாட்சிக்கு வரணும்."

"எனக்கெதுக்கும்மா?" என்றார் அய்யாதுரை.

"நீங்க பேசாதீக! வேலையப் பறிகொடுத்துட்டு எதுக்குங்கீகளா?"

அய்யாதுரை திட்டு வாங்கிய பிள்ளைபோல நின்றதைப் பார்த்து, விபத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பாண்டிச்செல்வி வாய்விட்டுச் சிரித்தாளாம்.

6.

இனி முடிவு. அய்யாதுரை ஜெயிப்பதாக ஒன்று எழுதினேன், பொய்யாகப் பட்டது. தோற்பதாக ஒன்று எழுதினேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். அவர் வழக்கு இத்தனை வருஷமாக இழுத்துக்கொண்டே வந்து, நாளைக்குத்தான் பாண்டிச்செல்வி சாட்சிக் கூண்டேறுகிறாள்.

நேற்று போனில் கேட்டேன். "அவர் உனக்காகச் சொன்னதுக்குப் பதிலுக்குத்தானே நீ வந்திருக்கேன்னு எதிர்வக்கீல் மடக்கினா?"



"ஆமாய்யா, நன்றிக்குத்தான் வந்தேன்னு சொல்லுவேன் சார். ஆனா சொல்றது நடந்தத மட்டுந்தான்."

நீதிபதி அவளை நம்புவாரா என்று நான் எழுதப்போவதில்லை. இவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர் நீங்கள். நீங்கள் நம்பினீர்களா?