மேலேயா, கீழேயா

பெரிய வளைவு வந்ததும் ஜீப்புக்குள் பேச்சு நின்றது. பனிமூட்டம் இறங்கிப் பாதை தெரியாமல் கிடக்கும் நாட்களில், வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். டிரைவர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார். பின்னால் இருப்பவர்கள் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பூண்டு விலையை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு ஹார்ன் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். ஒன்றும் வரவில்லை என்றால் டிரைவர் தன் ஹார்னை ஒரு தடவை அழுத்திவிட்டு வளைவில் ஏறுவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. உயிர் மேல் ஆசை இருந்தால் தானாக வந்துவிடும்.

திருமலைச்சாமி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். மேலிருந்து பால் வண்டியின் ஹார்ன் தெளிவாக வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அவர் மனைவி மகாராணிக்குக் கேட்டது. பின்னால் கேரட் கழுவப் போகும் சின்னத்தாயிக்கும் கேட்டது. திருமலைச்சாமி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கியரில் கை வைத்தார்.

மகாராணி அவர் முழங்காலில் லேசாகத் தட்டினாள்.

“என்ன புள்ள, இன்னுமா பயம்?” என்று சிரித்தார். ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பால் வண்டி மூட்டத்துக்குள்ளிருந்து திடுமென்று முளைத்து, உரசாத குறையாக இறங்கிப் போனது. “பாத்தியா, ஒருத்தனும் ஹார்ன் அடிக்கிறதில்ல. இப்ப வர்ற பயலுகளுக்கு மலையில ஓட்டத் தெரியல” என்றார்.

டவுனில் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலை மகாராணிக்கு. முன்பெல்லாம் வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில் போய்விடுவாள். போன மழைக்காலத்திலிருந்துதான் இந்த முன் சீட்டு. வீட்டில் டிவி சத்தம் அடுத்தவர் தோட்டம் வரை போனபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதைக் கேட்டாலும் அவர் தலையாட்டினார். “இன்னைக்கு எத்தன டிரிப்பு?” என்று கேட்டதற்கும் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனால் ஒரு டிரைவரிடம் போய் உங்களுக்குக் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? சாவியைக் கீழே வையுங்கள் என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதுவரை ஒரு ஜீப் ஜனத்தின் உயிர் அவளுடைய விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. இது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

காய்ச்சலில் அவள் படுத்த அன்று அவர் தனியாகப் போனார். சாயங்காலம், அவள் எழுந்து ரசம் வைக்கும்போது, வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

“நம்ம நாச்சிமுத்து லாரிக்கு நேரா கொண்டுபோய் நிறுத்திட்டேன். ஒரு சாண் இருந்திருக்கும். எறங்கி வந்து சட்டையப் புடிச்சிட்டான். விடாம அடிச்சேனே, செவிடாடா நீன்னு கேக்குறான்.”

அவள் ரசத்தைக் கிண்டினாள். ரசத்தைக் கிண்ட வேண்டிய அவசியமே இல்லை.

“நீ தட்டுறது பயத்துல இல்லயா?”

“இல்லங்க.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வத்தலக்குண்டில் காது சோதிக்கிற இடத்தில் ஜெயப்பிரியா என்ற பெண் இருந்தாள். அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னாள். வெளியே அவள் பொத்தானை அழுத்துவதும் அவரைப் பார்ப்பதும், இன்னும் கொஞ்சம் கூட்டி மறுபடி அழுத்துவதுமாக இருந்தாள். அவர் கை மடியிலேயே கிடந்தது. ஒரு தடவை, அவள் எதையும் அழுத்தாதபோது, விரலைத் தூக்கிவிட்டு மகாராணியைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கு அவர் முழங்காலைத் தட்ட வேண்டும்போல் கை துறுதுறுத்தது. நடுவில் கண்ணாடி இருந்தது.

இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டும், உள்ளே வைக்கிற சின்னது இந்தக் காதுக்குப் போதாது, காதுக்குப் பின்னால் மாட்டுகிறதுதான் சரி என்றாள் ஜெயப்பிரியா. திருமலைச்சாமி கேட்டது ஒரே கேள்வி.

“வெளிய தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்ங்க.”

“குல்லா போட்டா தெரியாதுல்ல?” அவர் முகம் தெளிந்தது. கொடைக்கானல் குளிரில் குல்லா இல்லாத தலையைத்தான் தேட வேண்டும்.

ஜெயப்பிரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டிக்கொண்டே சொன்னாள்: “குல்லா அழுத்துனா கீன்னு கத்தும்ங்க. அப்புறம், பழகுற வரைக்கும் வண்டி ஓட்ட வேணாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பிரிச்சுத் தெரிய நாளாகும்.”

திருமலைச்சாமி பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எந்த ரகம் என்று மகாராணிக்குத் தெரியும். அவர் மெஷினை மாட்டிக்கொண்டு வர, மலை ஏறும் பஸ்ஸில் ஓட்ட வேண்டாம் என்பதை அவள் மறுபடி சொன்னாள். இப்போது நன்றாகவே கேட்டது.

“ஓட்டாம வீட்டுல கெடந்து வேற என்ன சோலி பாக்க?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஜீப்பைக் கிளப்பி இண்டிகேட்டரைப் போட்டவர் காது கொடுத்தார். “ஏ புள்ள, இது டிக்கு டிக்குங்குது.” அணைத்துவிட்டு மறுபடி போட்டார். “இத்தன வருசமா இந்தச் சத்தம் இதுக்குள்ள இருந்திருக்கு பாரேன்.” மகாராணி சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். இனிமேல் தட்டுவதில்லை என்று கைகளைச் சால்வைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும் குல்லாவுக்குள்ளிருந்து கீ என்று ஒரு சத்தம் கிளம்பியது. ஜீப் முழுக்கக் கேட்டது. அவ்வளவு கீச்சுச் சத்தம் மெஷின் இருந்தும் அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

“அண்ணே, பெல்ட் கத்துதுண்ணே” என்றாள் சின்னத்தாயி.

அவர் உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அது அவரோடு இறங்கி முன்னால் போய், அவர் குனிந்தபோது குனிந்து, பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தபோதும் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. மகாராணிக்கு அப்படியே இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

“பெல்ட் நல்லாத்தான் இருக்கு” என்று வந்து ஏறினார்.

“ஆமாண்ணே. இப்ப நின்னுருச்சு” என்றாள் சின்னத்தாயி, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே.

பெரிய வளைவில் மூட்டம் காத்திருந்தது. அவர் இண்டிகேட்டரைப் போட்டு நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். பேச்சு நின்றது. ஹார்ன் வந்தது.

அவருக்குக் கேட்டது. முகம் முழுக்க ஒரு வெளிச்சம் ஓடியது. அடுத்த கணமே அது அணைந்துபோனதையும் மகாராணி பார்த்தாள். அவர் மேலே பார்த்தார், பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. சத்தம் இரண்டு காதிலும் ஒன்றுபோல் நிறைந்துகொண்டது. மேலிருந்து என்றால் இப்படியே மலையோடு ஒட்டி நிற்க வேண்டும். கீழே பின்னாலிருந்து என்றால் முன்னால் ஏறி இடம் விட வேண்டும். மறுபடி ஹார்ன், இன்னும் பக்கத்தில்.

“மேலயா, கீழயா?” தன் குரலின் அளவு தெரியாமல் சத்தமாகக் கேட்டார்.

மகாராணியின் கை சால்வையிலிருந்து வெளியே வந்து பாதியில் நின்றது. அவள் ஹார்னைக் கவனிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் லேசாகத் தட்டியது. மகாராணி தட்டுகிற அதே தட்டு, அதே மென்மை.

“மேலருந்துண்ணே” என்றாள் சின்னத்தாயி.

காய்கறி லாரி ஒன்று அவர்களைத் தாண்டி இறங்கிப் போனது. பாதை காலியானது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. குல்லாவைக் கழற்றி முன்னால் வைத்தார். கீ சத்தம் நின்றது. காதுகளுக்குப் பின்னால் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். போங்கள் என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்லவில்லை. திறந்த ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்து கண்ணாடியில் படிந்தது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.