முதுகு வந்தாச்சா?

கஜபதிக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் முதுகுதான். முன்னால் நின்று பார்த்தாலும் முதுகு. பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தாலும் முதுகு. வடபழனியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால்காரர் முதுகிடம் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். ரேஷன் கடையில் கைரேகை சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அவரைப் பற்றி யார் எதைப் பேசினாலும் அது முதுகுக்குப் பின்னால் பேசியதாக ஆகிவிடும். தொல்லை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

காரணம் தெருவுக்கே தெரியும். இருபத்தாறு வருடம் அவர் மின்னல் மதிவாணனுக்கு டூப் போட்டவர். மாடியிலிருந்து மாடிக்கு, ரயிலிலிருந்து லாரிக்கு, ஒரே ஒருமுறை குதிரையிலிருந்து ஒட்டகத்துக்கு. ஓடி வருவது மதிவாணன். கட். பறப்பது கஜபதியின் முதுகு. கட். எழுந்து நின்று சட்டையில் தூசி தட்டுவது மறுபடியும் மதிவாணன். காமிரா ஒருநாளும் கஜபதியின் முகத்தைக் கேட்கவில்லை. யாரும் கேட்காத இடத்தில் எத்தனை நாள்தான் இருப்பது என்று எண்பத்திரண்டாம் வருடம் அந்த முகம் போய்விட்டது.

அதற்காக மதிவாணனைக் குறைத்து யாராவது ஒரு வார்த்தை பேசினால் கஜபதியின் தோள்பட்டை இறுகிவிடும்.

“குதிக்கிறது எவனுக்கும் வரும். குதிச்சிட்டு வந்தவன் மாதிரி தூசி தட்டறது அண்ணனுக்கு மட்டும்தான் வரும்” என்பார்.

அவர் சொல்வது நியாயம்தான். மொத்தம் மூன்று தட்டு. தோளில் இரண்டு, காலரில் ஒன்று. தியேட்டரில் விசில் பறந்தது அந்த மூன்றாவது தட்டுக்குத்தான்.

மனைவி வேதவல்லி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்குள் முகம் போய்விட்டது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவளும் ஒரு முதுகும் மாலையோடு நிற்கிறார்கள். அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தோள் குலுங்கினால் சிரிக்கிறார், இறங்கினால் பசிக்கிறது, இரண்டும் இல்லாமல் விறைப்பாக இருந்தால் முழங்கால் வலி என்று படித்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது மட்டும் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவாள். எதிரே உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது.

“முதுகு சார் பேசறீங்களா?” என்றது ஒரு பெண் குரல்.

“பேசறேன்.”

“கேம் கம்பெனிலேருந்து யாழினி சார். அவரு குதிக்க மாட்டேங்கறாரு.”

“யாரு?”

“கேரக்டர்.”

நடந்தது இதுதான். பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த அந்தக் கம்பெனி, மதிவாணனை அச்சாக வைத்து ஒரு வீடியோ கேம் செய்தது. அவருடைய நடை, அடி, முறைப்பு எல்லாவற்றையும் மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் ஒரே ஒரு தவறு செய்தார்கள். படச்சுருளோடு, இரண்டு ஷாட்டுக்கு நடுவில் காமிராவை அணைக்க மறந்ததில் பதிவாகியிருந்ததையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

கேரக்டர் அருமையாக வந்திருந்தது. ஒரே உதையில் நான்கு பேரைச் சாய்த்தது. விழுந்தவன் எழுந்து நிற்கும்வரை காத்திருந்துதான் அடுத்த அடி அடித்தது, மதிவாணனைப் போலவே. ஆனால் மூன்றாம் கட்டத்தில் மொட்டை மாடி விளிம்பு வந்ததும் நின்றது. எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலியை வரவழைத்து உட்கார்ந்தது. கழுத்தில் டர்க்கி டவலைப் போட்டுக்கொண்டு சாத்துக்குடி ஜூஸ் கேட்டது. பிறகு ஆடுபவரைப் பார்த்து, “முதுகு வந்தாச்சா?” என்றது.

நாற்பது லட்சம் பேர் அந்த மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்தால் முதலிலிருந்து ஆட வேண்டும் என்பதால் யாரும் எடுக்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் சோறு ஊட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு வங்கி மேலாளர் தன் மகளின் கல்யாணத்துக்கே போகவில்லை.

“போயிட்டு வாங்க” என்றாள் வேதவல்லி. “பாவம், கை வலிக்கும்.”

கம்பெனியின் ஏழாவது மாடியில் ஒரு நடைவழி இருந்தது. இரண்டடி நடந்தால் நான்கடி நீண்டது. கஜபதி அலட்டிக்கொள்ளவில்லை. பின்னால் திரையை ஓடவிட்டு நின்ற இடத்திலேயே ஓடுவதெல்லாம் அவருக்குப் பழக்கம். அப்படியே நின்று கால்களை மட்டும் அசைத்தார். சிறிது நேரத்தில் நடைவழிக்கு அலுத்துப்போய், கடைசி அறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டினார். மேலே ‘இருப்புப் படிவம்’ என்று அச்சிட்டிருந்தது. பெயர் என்ற இடத்தில் கஜபதி ‘டூப்’ என்று எழுதினார்.

“இது வேலை. பேரை எழுதுங்க.”

“பேருன்னு கேட்டா இதத்தான் எழுதுவோம்.”

“ஆட்டத்துல குதிக்கிற பட்டனுக்கு நாங்க என்ன பேரு வைக்கிறது? அதுக்குத்தான் கேக்கறோம்.”

கஜபதி அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். எழுதிப் பல வருடம் ஆகியிருந்ததால் ‘ஜ’ கோணலாக விழுந்தது. அடுத்த கட்டத்தில், ‘முகம் இருந்தால் ஒட்டவும், இல்லையேல் கோடிடவும்’ என்றிருந்தது. கோடு போட்டார். கடைசி வரியைப் படித்ததும்தான் பேனா நின்றது. ‘ஒப்படைத்த முதுகைத் திரும்பக் கேட்கக் கூடாது.’

“முதுகையே குடுக்கணுமா?”

“குதிக்கும்போது அதுவா கழண்டு வந்துடும். வலிக்காது.”

“அதுக்கப்புறம் எனக்கு என்ன இருக்கும்?”

“அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல.”

கஜபதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்த முதுகைத்தான் தெரியும். கட்டியவள் குடித்தனம் நடத்தியதும் அதனோடுதான். அதையும் கொடுத்துவிட்டு ஒன்றுமில்லாமல் போய்க் கதவைத் தட்டினால், யார் என்று கேட்பாளே. படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே போடப்பட்டிருந்த நாற்காலிகளுக்குப் போனார்.

அங்கே மின்னல் மதிவாணன் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தைந்து. அவருக்கு முதுகு கிடையாது. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் முகம்தான். காமிராவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சாய்ந்தால் மூக்கு நசுங்கும் என்பதால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். அந்த வயதிலும் புருவம் ஒன்று மேலே ஏறியே இருந்தது. கஜபதிக்கு அதைப் பார்த்ததும் பெருமையாக இருந்தது.

“வா கஜா. எனக்கும் ஃபாரம் குடுத்தாங்க. முதுகுங்கற எடத்துல கோடு போட்டேன்.”

“சொகமா இருக்கீங்களாண்ணே?”

“நாப்பது வருசமா முதுகு அரிக்குதுடா. சொறியறதுக்கு எடமில்ல.”

கஜபதி நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுச் சட்டையைத் தூக்கினார். மதிவாணன் அவர் முதுகில் சொறிந்துகொண்டார். தோளுக்குக் கீழே, நடுவில், கொஞ்சம் இடது பக்கம். “அப்பாடா” என்று எல்லாக் கண்களையும் மூடிக்கொண்டார்.

“குடுத்துடவாண்ணே?”

“ஒன் முதுகு. நான் யாருடா சொல்றதுக்கு?” மதிவாணன் சட்டையை இறக்கிவிட்டார். “ஜனம் கை தட்டறப்பல்லாம் நீ நிக்கிறியான்னு திரும்பிப் பாப்பேன். எனக்குத்தான் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்பக்கமாவே இருக்கே.”

“நின்னேண்ணே.”

“தெரியும். ஒண்ணு கேளு. இந்த வெளையாட்ட ஆடறவங்க கேரக்டர எங்கேருந்து பாப்பாங்க தெரியுமா?”

“மூஞ்சிக்கு நேரா.”

“இல்ல. பின்னாலேருந்து. அவன் ஓடுவான், இவங்க பின்னாலயே போவாங்க. நாள் பூரா முதுகுதான். எம் மூஞ்சி கேம் பொட்டி மேல மட்டும் இருக்கு.”

கஜபதி பறந்ததெல்லாம் ஒரு ‘கட்’டுக்கும் இன்னொரு ‘கட்’டுக்கும் நடுவில், இமைத்தால் தவறிப்போகும் நேரத்துக்கு. அதை நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. படிவத்தைப் பிரித்து, மதிவாணனின் நெற்றி ஒன்றின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அறைக்கு அடுத்த கதவைத் திறந்தால் மொட்டை மாடி. எதிர் மாடிக்குப் பதினெட்டடி. கேரக்டர் மடக்கு நாற்காலியில் இருந்தது. முப்பத்திரண்டு வயது மதிவாணன், அதே புருவம். பின்பக்கம் மட்டும் வெறும் சாம்பல் நிறமாக, ‘இங்கே’ என்று எழுதியிருந்தது.

“முதுகு வந்தாச்சா?” என்றது.

“வந்தாச்சு” என்றார் கஜபதி.

கேரக்டர் சட்டென்று எழுந்து நின்றது. கையிலிருந்த ஜூஸில் பாதியைக் குடிக்காமல் அவரிடம் நீட்டியது. ஷூட்டிங்கில் ஒவ்வொரு முறையும் மதிவாணன் அப்படித்தான் செய்வார். எந்தப் படத்திலும் இல்லாத அந்தப் பாதி டம்ளரையும் மெஷின் விட்டுவைக்கவில்லை. கஜபதி வாங்கிக் குடித்தார். இனிப்பு சரியாக இருந்தது.

யாழினி ஒரு பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். “எப்ப வேணா சார்” என்றாள்.

கஜபதி குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இது எந்தப் படத்துலயும் இல்லையே சார்?”

“தெனம் பண்ணுவேன்மா. எடிட்டிங்ல போயிடும்.”

“இதுல போகாது.”

ஓடினார். முழங்கால் முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளிம்பை மிதித்து எழும்பினார். நடு ஆகாயத்தில் பின்னால் என்னவோ பழைய பிளாஸ்திரி மாதிரி உரிந்தது. வலிக்கவில்லை. உடம்பு லேசாகி, கீழே தெருவில் ஒருவர் தர்பூசணி வெட்டுவது தெரிந்தது. எதிர் மாடியில் காலை ஊன்றி, உருண்டு எழுந்தார். அவருக்கு முன்னால் கேரக்டர் வந்து இறங்கியிருந்தது. அதன் பின்பக்கம் அவருடைய முதுகு. வலது தோள் கொஞ்சம் இறங்கிய, வியர்வை ஊறிய, நல்ல முதுகு. அதை அவரே இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கேரக்டர் தூசி தட்டியது. தோளில் இரண்டு, காலரில் ஒன்று.

நாற்பது லட்சம் கட்டைவிரல்கள் பட்டனை விட்டு எழுந்தன. வங்கி மேலாளர் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினார். அங்கே மறுவீடு விருந்தும் முடிந்திருந்தது.

கஜபதி வீட்டுக்கு பஸ்ஸில் வந்தார். நிற்க இடமில்லாத கூட்டம். யாரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது.

“மாடி வருது, மாடி வருது. கஜபதி போடு” என்றார் ஒருவர்.

“போட்டேன். லேட்டாயிடுச்சு.”

“ஓடிட்டே கஜபதி போடக் கூடாது சார். தரையைத் தொட்டுட்டுப் போடணும். இப்டி.”

சொன்னவர் குனிந்து பஸ்ஸின் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் தொட்டார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் தானும் தொட்டார். கஜபதி கம்பியைப் பிடித்துக்கொண்டு வடபழனி வரை அழுதார். அழுகை எங்கே வழிகிறது என்று தொட்டுப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டு வாசலில் நின்றார். பதினெட்டடியைத் தாண்டியவருக்கு அந்தக் கதவைத் தட்டப் பயமாக இருந்தது. உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். தட்டினார்.

வேதவல்லி கரண்டியோடு வந்து கதவைத் திறந்தாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்தது.

“மூக்குல என்ன ரத்தம்?” என்றாள்.

“எண்பத்திரண்டுல பட்டது.”

“சொல்லவே இல்ல.”

“வெளிய தெரியாதுன்னு விட்டுட்டேன்.”

அவள் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து மெல்லத் துடைத்தாள். மூக்கு, மேலுதடு, தாடை. தடவிப் பார்த்தே சவரம் செய்த தாடை அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது. ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கு வேதா?”

“தோள் குலுங்கல. ஆனா சிரிக்கிறீங்க” என்றாள்.

பிறகு உள்ளே போய், பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு தட்டுகளில் தன்னுடையதை எடுத்து எதிரே வைத்தாள்.