முதல் ஈடு பியர்

1

இந்தக் கதை ரயிலில் கிடைத்தது. நியூஜெர்சியின் எடிசனிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை வண்டியில், பக்கத்து இருக்கைக்காரர் தன் வீட்டில் பியர் காய்ச்சிய கதையை நியூயார்க் வரும்வரை சொன்னார். சும்மா பியர் அல்ல, பழம் போட்ட பியர். 1998 கோடையில் நடந்ததாம். கேட்டுக்கொண்டே மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். அவருக்குச் சபரிநாதன் என்று பெயரும் வைத்தேன்.

முதல் தொடக்கம்:

சபரிநாதன் பக்கெட்டின் மூடியைத் திறந்ததும் அபார்ட்மென்ட் முழுவதும்—

(முழுவதும் என்ன? வாசனையா, நாற்றமா? ரயில்காரர் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த சபரிநாதனுக்குப் பொறுமை என்றால்—

(இதுவும் நகரவில்லை.)

2

சிக்கல் எங்கே என்று மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. என் சபரிநாதனுக்குப் பால் காய்ச்சத் தெரியாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஏதோ தீயற வாசம் வருது" என்கிற ஆள். இவன் ஐந்து கேலன் பியரை ஓர் அழுக்கும் படாமல் காய்ச்சி, வாரக்கணக்கில் காத்திருந்தான் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை. அவ்வளவு பேசிய ரயில்காரர் தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லையே.

அப்படியானால் அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். தேடிப் போனேன். சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் மனைவி வான்மதி. வயது இருபத்தேழு. கோவையில் மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, ஒரு பால் பண்ணையின் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணமாகி எச்-4 விசாவில் வந்தவள்.*

* கணவனின் வேலையைப் பிடித்துக்கொண்டு வரும் மனைவிக்கான விசா. வேலைக்குப் போகக் கூடாது. எந்தப் படிவமானாலும் 'டிபென்டன்ட்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே வான்மதிக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான். கதாசிரியன் எல்லா இடத்திலும் நடுநிலை வகிக்க வேண்டுமென்று யார் சொன்னது?

3

இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

சபரியின் ஆபீஸ் கிறிஸ்துமஸ் குலுக்கலில், வீட்டிலேயே பியர் காய்ச்சும் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டி விழுந்தது. உள்ளே பக்கெட், குழாய், மால்ட் (முளைகட்டிய பார்லி) பாகு டப்பா, ஒரு பொட்டலம் ஈஸ்ட். எட்டு மாதம் அதன்மேல் ஷூக்கள் குடியிருந்தன. ஆகஸ்டில் ஒருநாள் வான்மதி அந்த ஈஸ்ட்டில் ஒரு சிட்டிகையை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்தாள். பத்து நிமிடத்தில் நுரைத்தது. அப்போது அவள் முகத்தை வர்ணிக்க மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன். சந்தோஷப்பட்டாள், அவ்வளவுதான்.

"என்னங்க, இத நான் பண்ணட்டுமா?"

"தாராளமா பண்ணு. வெளிய மட்டும் சொல்லிக்காத வானு. பொள்ளாச்சில அம்மா வரைக்கும் நியூஸ் போயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் கெட்டவன் அல்ல. ஆனால் வான்மதி கேட்டது ரொம்பச் சின்ன விஷயம்: இந்த ஊரில் தான் செய்த ஒரு காரியமாவது தன் பேரில் இருக்க வேண்டும்.

பாத்டப்பில் ப்ளீச் கலந்து சாமான்களை ஊறவைத்தாள். பாகைக் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவினாள். மறுநாள் துணி அலமாரிக்குள்ளிருந்து பக்கெட் குபுக் குபுக் என்றது.

"பழத்த இப்பவே போட்ரலாமே?" என்றான் சபரி.

"கூடாது. அடங்கட்டும்."

இங்கே நான் மூக்கை நுழைத்தேன். மாம்பழம் என்றால் தமிழ் வாசகர் உருகுவார் என்று, ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையிலிருந்து ஒரு மாம்பழக் கூழ் டின்னைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தேன். வான்மதி லேபிளைப் படித்தாள். "ப்ரிசர்வேடிவ் இருக்கு. ஈஸ்ட்டுக்கு ஆகாது" என்று ஓரமாகத் தள்ளிவிட்டாள். முந்தின வாரம் ஒரு தோட்டத்துக்குப் போய் ஆசைதீரப் பறித்துவந்த பீச் பழங்கள் ஃப்ரீசரில் இருந்தன. ஏழாம் நாள், சத்தம் அடங்கிய பிறகு, அவற்றை வெளியே எடுத்து, பனி விலகியதும் மசித்து, கொதிக்க விடாமல் சூடாக்கி ஆற்றிச் சேர்த்தாள். பக்கெட் மறுபடி பேச ஆரம்பித்தது. அது ஓய்ந்ததும் பாட்டில்களில் அடைத்து மூடினாள்.

4

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, மதிய விருந்து. ஆண்கள் ஹாலில், பெண்கள் கிச்சனில். ஆண்கள் கையில் பியர், பெண்கள் கையில் ஆரஞ்சு ஜூஸ். ஹாலில் நடப்பது கிச்சனுக்குத் தெரியாது என்பது எடிசன் விருந்துகளின் ஐதீகம். கிச்சனில் பக்கத்து பிளாக் நாகமணி ஆன்ட்டி. வாராவாரம் ஊருக்கு போன் பேசுகிறவர். ஹாலில் சபரியின் ஆபீஸ் நண்பன் நஞ்சப்பன் முதல் கிளாஸை வாயில் வைத்தான். வான்மதி வடையைத் திருப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மாப்ள, கடைல வாங்கறதெல்லாம் இதுகிட்ட நிக்காதுடா. கலக்கிட்ட போ."

சபரி சிரித்தான். மறுக்கவில்லை. ஆளாளுக்கு அவன் தோளைத் தட்டினார்கள். வான்மதிக்கு வலித்தது. நல்லாருக்கு என்று காதில் விழுந்ததே போதும் என்று தேற்றிக்கொண்டாள். (இப்படி எழுதியது நான். அவள் தேற்றிக்கொண்டாளா என்பது எனக்கே சந்தேகம்.)

"ஆமா, பழத்த எப்படா போட்ட?"

"பழமா? முதல் நாளே போட்ரணும் மாப்ள. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வெச்சிர வேண்டியதுதான்."

பாராட்டு வேறு ஆளுக்குப் போனதைப் பொறுத்துக்கொண்டவளால் இந்தப் பதிலைப் பொறுக்க முடியவில்லை. கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்தாள்.*

* அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தாள். லேபில் பழகியவள்.

"இல்லீங்க. கொதிக்க வெச்சா ஜாம் மாதிரி ஆயிரும். முதல் நாளே போட்டா வாசமெல்லாம் கேஸோட போயிரும். ஏழு நாள் கழிச்சு, பொங்கி அடங்கினப்பறம்தான் போடணும். நான் அப்படித்தான் போட்டேன்."

டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது. நாகமணி ஆன்ட்டி கிச்சன் வாசலுக்கு வந்து நின்றார்.

5

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) சபரி எழுந்து, "ஆமாடா, எல்லாம் இவதான்" என்கிறான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அவளே சொன்ன பிறகு அவன் சான்றிதழ் எதற்கு? அடித்துவிட்டேன்.

ஆ) நாகமணி ஆன்ட்டி ஜூஸைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் அரை கிளாஸ் ஊத்தும்மா" என்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

இ) அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து மாமியார் போன். "ஏனம்மிணி, அங்க சாராயம் காய்ச்சறயாமா?" நடக்க நிறைய வாய்ப்பு உண்டு. "சாராயம் இல்லீங்கத்தை, பியர்" என்று வான்மதி திருத்துவாள் என்பதுவரை நிச்சயமாகச் சொல்வேன். அதற்கப்புறம்—

இல்லை, இதையும் விட்டுவிடுகிறேன். ஏனென்றால் வான்மதி இப்போது சபரியையும் பார்க்கவில்லை, ஆன்ட்டியையும் பார்க்கவில்லை. இவ்வளவு நேரமாக சோபா ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களைத்தான் பார்க்கிறாள். உங்களுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றியாயிற்று.

"நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். குடித்துப் பார்த்துவிட்டு அவளிடமே சொல்லுங்கள்.