மேற்குச் சுவர்

ஆம்பூரில் வீடு கட்டுகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு லோடு செங்கல் வந்து இறங்கினால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் வந்து நின்றுவிடுவார்கள். போர்வெல் எந்த மூலையில், கழிவறை எந்த மூலையில், ஜன்னலுக்கு எத்தனை கம்பி என்று ஆளுக்கொரு சட்டம் வைத்திருப்பார்கள். ஜெயசீலி அத்தனை பேருக்கும் சிரித்துத் தலையாட்டினாள். இருபது வருஷமாக மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, டாக்டர் எழுதியதை மட்டும் கொடுக்கத் தெரிந்தவள்.

அவள் வீட்டுக்கு டாக்டர், வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போன ஹுமேரா. தோல் வியாபாரியின் மகள், முப்பது வயதைத் தாண்டாத இன்ஜினியர். பெங்களூரில் படித்துவிட்டு, கம்மிச் செங்கல்லில் குளிர்ச்சியான வீடு கட்டுகிற ஒரு குழுவோடு மூன்று வருஷம் வேலை செய்தவள். அவள் கொண்டுவந்த முறையில் செங்கல்லைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தி வைத்து அடுக்க வேண்டும். சுவர் வழக்கம்போல ஒன்பது அங்குலம்தான் இருக்கும். ஆனால் நடுவில் மூன்று அங்குலம் காலியாக விட்டிருப்பார்கள். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், சூளையில் அதற்கு எரிகிற விறகும் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெளிச் சூட்டை வீட்டுக்குள் விடாது. இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர் என்று ஹுமேரா சொன்னபோது ஜெயசீலி பதறிவிட்டாள்.

"அந்தப் பேர மட்டும் வெளிய சொல்லிடாத தாயே. ஊரு முழுக்க என் வூட்ட எலி வூடுன்னு கூப்புடும்."

உண்மையில் செங்கல் மிச்சமெல்லாம் ஜெயசீலிக்கு இரண்டாம் பட்சம். அவளுக்கு வேண்டியது குளிர்ச்சி. அதுவும் ஒரே ஒரு ஆளுக்காக.

அவள் கணவர் கிருபானந்தம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். தொண்ணூற்றைந்தில் ஒரு மழை நாளில் மாதனூர் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். முதுகுத் தண்டில் மேலே அடி. அன்றிலிருந்து வீல்சேர். கால் போனதை ஊரே பார்த்தது. வியர்வை போனதை ஜெயசீலி மட்டும்தான் பார்த்தாள். மார்புக்குக் கீழே அவருக்கு ஒரு சொட்டு வியர்க்காது. வியர்க்காத உடம்புக்குச் சூட்டை வெளியே தள்ளத் தெரியாது. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸின் காங்கிரீட் கூரைக்குக் கீழே, ஒவ்வொரு மே மாதமும், கிருமி எதுவும் இல்லாமலே அவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொடும். ஈரத் துண்டு போர்த்தி, ஐஸ் வைத்து, விசிறி, பேச்சுக் கொடுத்து, அக்னி நட்சத்திரம் முடிகிறவரை அவரை ஒரு கைக்குழந்தையைப் போலக் காப்பாற்றுவாள். போன வருஷம் இரண்டு தடவை அவருக்குச் சுய நினைவே தப்பிவிட்டது. இன்னொரு கோடையை இப்படித் தாண்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையில் குவார்ட்டர்ஸை இடித்துப் புது வார்டு கட்டப்போகிறார்கள், இரண்டாயிரத்து நான்கு ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஜெயசீலி மலையோரம் வாங்கிப் போட்டிருந்த மனையில் கடைக்கால் தோண்டினாள்.

கட்டியவர் சர்தார் பாஷா. ஐம்பது வயது மேஸ்திரி, கை சுத்தம், வாய் கம்மி. அவர் மனைவி குர்ஷித்துக்கு மூன்று பிரசவமும் ஜெயசீலி டியூட்டியில் இருந்தபோதுதான் நடந்தது. அதனால் அவருக்குச் சிஸ்டர் என்றால் தனி மரியாதை. காலி விட்டுக் கட்டுகிற இந்தக் கட்டு அவருக்குப் புதிது. முதல் நாள் ஹுமேரா மூன்று வரிசை தானே வைத்துக் காட்டினாள். அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாவது வரிசையிலிருந்து அவளைவிட நேராக வைத்தார்.

மார்ச் முடிவதற்குள் கூரை ஏறிவிட்டது. கூரையிலும் ஹுமேரா வேலை காட்டினாள்: காங்கிரீட்டுக்கு நடுவில் பழைய ஓடுகளைப் பதித்து, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில், காலை டியூட்டி முடிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெயசீலி தனியாக வீட்டைப் பார்க்கப் போனாள். ஹாலின் தெற்குச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். நோயாளியின் நெற்றியைத் தொடுகிற அதே பழக்கம். ஜில்லென்று இருந்தது. சமையலறைச் சுவரும் அப்படியே. சந்தோஷத்தில் அவளுக்கு வாய்விட்டுப் பாடலாம் போல இருந்தது. பிறகு கிருபானந்தம் படுக்கப்போகும் அறைக்குள் போய் மேற்குச் சுவரில் கையை வைத்தாள்.

சுவருக்குக் காய்ச்சல் அடித்தது.

மறுநாளே ஹுமேராவை வரவழைத்தாள். ஹுமேரா சுவரைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. உளியை வாங்கி இரண்டு செங்கல்லுக்கு நடுவில் பூச்சைக் கொத்தினாள். துளையிலிருந்து மணல் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"பாய், உள்ள யாரு ரொப்புனது?" என்றாள் ஹுமேரா.

சர்தார் பாஷா தலையைக் குனிந்தார். "நான்தாம்மா. நீங்க வாராவாரம் வர்றதுக்கு முன்னாடி மேல் வரிசைய மட்டும் காலியா வுட்டு வச்சேன். பயந்துட்டேன். காலியா இருந்தா வலு இருக்காதுன்னு..."

"மத்த சுவர்லாம் காலியாதானே நிக்குது?"

அவர் தரையில் கொட்டிய மணலைக் காலால் ஒதுக்கினார்.

ஜெயசீலி சாதாரணமாகக் கத்துகிறவள் இல்லை. வார்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று கத்தினாள். "அந்த ரூம்ல யாரு படுக்கப் போறாருன்னு உங்களுக்குத் தெரியும்ல பாய்? தெரிஞ்சும் செஞ்சீங்களா? சாயங்கால வெயில் மொத்தமும் அந்தச் சுவத்துலதான் அடிக்குது. மே மாசம் அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"தப்புதான் சிஸ்டர்."

"நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

அவர் பூச்சுக் கரணையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட ஜெயசீலிக்கு மனசு ஆறியிருக்கும். பேசாமல் போனது அவளை இன்னும் அறுத்தது.

குவார்ட்டர்ஸுக்கு வந்து, கிருபானந்தத்துக்குச் சோறு போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"பாய நிறுத்திட்டியா?"

"பின்ன? கொஞ்சுவாங்களா?"

"அவர் மேல தப்பு இல்ல சீலி. ரொப்பச் சொன்னது நான்."

ஜெயசீலிக்குப் புரியவில்லை. கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"வீல்சேர் அகலம் அளக்க வந்தார்ல, ஜனவரில? அன்னிக்குச் சொன்னேன். அதுக்கு மொத நாளு நிசார் வந்திருந்தான், கம்பெனி தோஸ்த். சுவத்தத் தட்டிப் பார்த்தானாம், எண்ண டின்னு மாதிரி சத்தம் வருதாம். 'இன்னா கிருபா, பெரிய மழ ஒண்ணு அடிச்சா நிக்குமா'ன்னு கேட்டான். எனக்குத் தூக்கமே போய்டுச்சு. பாய்கிட்ட கேட்டா, மத்ததெல்லாம் மேல போய்டுச்சு, உங்க ரூம் மேற்குச் சுவரு ஒண்ணுதான் மிச்சம்னாரு. அதையாச்சும் ரொப்புங்கன்னேன். அவர் வேணாம்னுதான் சொன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டேன்."

"உங்க ரூமு அது! உங்களுக்காகத்தானே காலியா வுடச் சொன்னேன்!"

"தெரியும்." அவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குக் குளிர்ச்சி எத்தினி நாளைக்கு வேணும் சீலி? நாலு வருசம்? அஞ்சு? போன வருசம் நான் முழிச்சுப் பார்த்தப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உனக்கு நாப்பத்தொண்ணு வயசு. எனக்கப்புறம் அந்த வூட்டுல முப்பது நாப்பது வருசம் தனியா இருக்கப் போறவ நீ. புள்ள குட்டி இல்ல. சாய்ஞ்சுக்க ஒரு சுவராச்சும் கெட்டியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

ஜெயசீலி எழுந்து கையைக் கழுவினாள். திரும்பி வந்தாள். மறுபடி போய்க் கழுவினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. கடைசியில் அவர் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து, அவர் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டாள். அந்த முழங்காலுக்கு உணர்ச்சி கிடையாது. அவர் கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார்.

"நீங்க போனதுக்கப்புறம் நான் குடியிருக்குறதுக்காகவா அங்க செங்கல் செங்கலா பார்த்துக் கட்டுறேன்?" என்றாள். "எனக்கு ஒருத்திக்குன்னா ஒரு வாடக ரூம் போதும். நீங்க இருக்கணும். அதுக்குதான் வூடு. இதக்கூட உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லணுமா?"

"சொன்னாதான் தெரியுது," என்றார் கிருபானந்தம். "ஒம்போது வருசமா உனக்கு வேல வைக்கிறேன். நீ என்னயச் சுமக்கிறன்னுதான் நெனச்சேன். நான் வேணும்னு வச்சிருக்கன்னு நெனைக்கல."

அவர் சோறு ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொண்டுவந்து, அவரே சாப்பிடுகிற ஆள் என்றாலும், அன்று ஊட்டிவிட்டாள்.

விடிந்ததும் ஜெயசீலி சர்தார் பாஷா வீட்டு வாசலில் நின்றாள். குர்ஷித் டீ கொடுத்தாள். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "என்ன மன்னிச்சிடுங்க பாய். சார் சொல்லிட்டாரு," என்றாள்.

"வாக்கு குடுத்துட்டேன் சிஸ்டர். வேற வழி தெரியல," என்றார் அவர். "நீங்க திட்டுனதுகூடப் பரவால்ல. சார் அன்னிக்குக் கேட்ட விதம்தான் மூணு மாசமா மனச போட்டு உறுத்துது."

கூரையைத் தாங்கி நிற்கிற சுவரை இனி உடைக்க முடியாது. ஹுமேரா ஒரு நாள் முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்தாள். மேற்குச் சுவருக்கு வெளியே, இரண்டு அங்குலம் தள்ளி, மெல்லியதாக இன்னொரு சுவர். அங்கங்கே கம்பி போட்டு இரண்டையும் பிணைத்துவிடலாம். கீழேயும் மேலேயும் சின்னச் சின்னத் துளைகள். வெயில் வெளிச் சுவரில் அடிக்கும், நடுவில் சூடாகிற காற்று மேலே ஏறிப் போய்விடும். சொல்லப்போனால் முதலில் போட்ட திட்டத்தைவிட இது ஒரு படி மேல் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

கட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் காலை ஆறு மணிக்குக் கிருபானந்தம் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயில் ஏறும்வரை குடைக்குக் கீழே வீல்சேரில் உட்கார்ந்து சர்தார் பாஷாவை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. "பாய், கலவ உள்ள விழுந்துடுச்சு பாருங்க. எடுங்க, எடுங்க. காலியா இருக்கணும்." கம்பெனியில் தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"ரொப்பச் சொன்ன வாயும் இதுதான்," என்று சர்தார் பாஷா சித்தாளிடம் சொன்னார், சார் காதில் விழுகிற மாதிரியே. அன்று பாய் சிரித்ததை ஜெயசீலி முதன்முறையாகப் பார்த்தாள்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி குடிபோனார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். பெயிண்ட் அடிக்கவில்லை. பாதி ஜன்னலுக்குக் கதவும் வரவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள். வேலூரில் நூற்றெட்டு டிகிரி என்று மத்தியானச் செய்தியில் சொன்னார்கள். ஜெயசீலிக்கு இரண்டு மணி டியூட்டி. வார்டில் இன்னொரு நர்ஸிடம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். ஐஸ் பெட்டி தயார், துண்டுகள் தயார். தெருவில் தேர்தல் ஆட்டோ ஒன்று மைக்கில் அலறிக்கொண்டு போனது. மூன்று மணிக்கு, வருஷா வருஷம் அவர் கண் சொருகுகிற அந்த நேரத்தில், அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தூக்கிவாரிப்போட ஓடினாள்.

கிருபானந்தம் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உதடு காயவில்லை. நெற்றி ஜில்லென்று இருந்தது. ஒன்பது கோடையில் ஒரு தடவைகூட மே மாதத்துப் பகலில் அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை, மயங்கித்தான் பார்த்திருக்கிறாள்.

ஜெயசீலி கதவோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்கச் சகிக்காத குறட்டை. ஒரு இழுப்பு இழுத்து, நடுவில் நின்று, மறுபடி மரம் அறுக்கிற மாதிரி கிளம்பும். அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அன்று வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனாள். காரணம் கேட்ட மேட்ரனிடம், "வூட்டுக்காரர் தூங்கிட்டாரு மேடம்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேட்ரன் வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.